விரலி மஞ்சளின் எடை

கத்தரிக்கோலின் முனை தலையணையின் ஓரத் தையலுக்குள் நுழைந்து நூலை அறுத்துக்கொண்டு போனது. வெள்ளை உறை வாய் திறந்தது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போல உள்ளேயிருந்த இலவம் பஞ்சு மெல்ல மேலே எழுந்தது. யாரோ அவசரமாக மின்விசிறியை நிறுத்தினார்கள். அலுவலக உதவியாளர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து, மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியில் வைத்தார். பிறகு இன்னொரு பிடி. அடுத்த பிடியோடு ஏதோ ஒன்று துணியைத் தாண்டி விழுந்து, வெறும் மேசையில் டக்கென்று சத்தம் எழுப்பி, உருண்டு போய் தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

ஒரு விரலி மஞ்சள்.

சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி இருக்கை நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அது அவளுடைய தலையணை. போடியில் அவள் நடத்தும் ஷெட்டில் தைத்தது. தேனி மாவட்டத்து மாணவர் விடுதிகளுக்கெல்லாம் இலவம் பஞ்சுத் தலையணை வாங்குவதற்கான டெண்டரில் அவளும் ஒருத்தி. ஒவ்வொருவரும் கொடுத்த மாதிரித் தலையணைகளை எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்க்கும் நாள் அது.

"இது யாரோடது?" என்று கேட்டார் கிருபாவதி. விடுதிகளைக் கவனிக்கும் மாவட்ட அலுவலர் அவர்தான்.

"என்னோடதுங்க மேடம்." மாரீஸ்வரி எழுந்து நின்றாள்.

"இது என்னம்மா?"

"மஞ்சளுங்க."

"மஞ்சள்னு தெரியுது. உள்ள எப்படிப் போச்சு?"

"வச்சுத் தச்சதுங்க." மாரீஸ்வரி மஞ்சளைப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னாள். "புது வேலை ஆரம்பிச்சா மொதத் தலகாணிக்குள்ள ஒரு மஞ்சத் துண்டு வச்சுத் தைக்கிறது எங்க ஷெட்டு வழக்கம். தலை வைக்கிறவுகளுக்கு நல்லாத் தூக்கம் வரணும்னு வைக்கிறது. மொதத் தலகாணியே இங்கன வந்து சேரும்னு நான் நெனைக்கல."

அவளுக்கு இப்போதுதான் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. மாதிரிக்கென்று புதுக் காடாத் துணி வெட்டியிருந்தார்கள். புதுத் துணி என்றால் கருத்தம்மாளுக்குப் புது வேலை. ஷெட்டில் மூத்த தையல்காரி அவள். யாரையும் கேட்காமல், கேட்கத் தேவையுமில்லாமல், எப்போதும் செய்வதைச் செய்திருக்கிறாள். கடைக்குப் போகும் தலையணையை யாரும் கிழித்துப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மஞ்சள்கள் யார் யார் தலைக்கடியில் கிடக்கின்றனவோ.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஈஸ்வரபாண்டி. மதுரையில் ஒரு பெரிய மெத்தைக் கம்பெனியின் ஆள். சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் கனைத்துக்கொண்டார்.

"மேடம், உள்ள வேற பொருள் இருந்தா நிராகரிக்க வேண்டியதுதான? இன்னைக்கு மஞ்சள். நாளைக்கு இந்த அக்கா மல்லி, மொளகான்னு சாம்பாருக்கே சேத்து வச்சுருவாக."

உதவியாளர் சிரித்தார். மாரீஸ்வரிக்கும் வேறொரு சமயமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். கிருபாவதி சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டெண்டர் நிபந்தனைகளைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"பஞ்சு தவிர்த்த பிற பொருள்கள் எடையில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் போட்டிருக்கு சார்."

"அது கொட்டை, காயோட தோடுக்காகப் போட்டது மேடம்."

"இருக்கலாம். அதுக்கு மட்டும்தான்னு போடலையே. எடை போடட்டும். லேப்ல என்ன வருதோ அது."

பிறகு நடந்ததை மாரீஸ்வரி ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்த பஞ்சு திரும்ப உறைக்குள் போனது. மஞ்சளை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டார்கள். கவரின் வாயை மடித்து அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். மேலே ஒரு சீட்டு ஒட்டி, வந்திருந்தவர்கள் எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஈஸ்வரபாண்டி தன் பேனா ஒன்றை எடுத்து, அந்த மஞ்சளுக்காக, முழுக் கையெழுத்தாகப் போட்டார். மாரீஸ்வரி கடைசியாகப் போட்டாள். கருத்தம்மாள் அடுப்படி டப்பாவிலிருந்து எடுத்த மஞ்சள் அது. அதன் மேல் அரசாங்க முத்திரை இன்னும் சூடாக இருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள். கெஞ்சினால் விட்டுவிடுவார்கள் என்றும் கொஞ்சம் நினைத்திருந்தாள். திட்டவும் இல்லை, விடவும் இல்லை, எடைபோடப் போகிறார்கள். இப்படி ஒரு மரியாதையை அவள் எங்கும் பார்த்ததில்லை.

மாரீஸ்வரிக்குப் பிறந்த ஊர் கோம்பை. மலையடிவாரத்துத் தோட்டத்தில் வேலிக்கு நின்ற இலவ மரங்களில் காய் பொறுக்கியது தவிர அவளுக்கும் பஞ்சுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. ஒச்சாண்டியைக் கட்டிக்கொண்டு போடிக்கு வந்தாள். ஒச்சாண்டி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போகிறவன். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் வீட்டில் அடுப்பும் அடைபடும். அவள் ஒரு முதலாளியின் ஷெட்டில் காய் உடைக்கப் போனாள். பிறகு கொட்டை பிரித்தாள், பஞ்சு அடிக்கும் மெஷினுக்கு முன்னால் நின்றாள், கடைசியில் தைத்தாள். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் இமையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தெருவில் அவளுக்குப் பஞ்சுமாரி என்று பெயர். அந்த முதலாளி தொழிலை விட்டபோது பழைய மெஷினை இவள் தவணையில் எடுத்துக்கொண்டாள். கருத்தம்மாளும் இன்னும் சில பெண்களும் மெஷினோடு சேர்ந்து வந்ததுபோல வந்துவிட்டார்கள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு கடைகளில் ரப்பர் தலையணை வந்தது. அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்துகொள்ளும். கல்யாண வீட்டுக்காரர்கள்கூட அதைத்தான் கேட்டார்கள். போன ஆடியில் அவள் பெண்களிடம் சொல்லிவிட்டாள்: அடுத்த ஆடிக்குள் பெரிய வேலை ஏதாவது வராவிட்டால் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கருத்தம்மாள் மட்டும், "பூட்டிட்டு எங்கன போறது ஆத்தா, ஒரே தெருவுலதான கெடக்கணும்" என்றாள்.

டெண்டர் என்ற சொல்லை அவள் தலையில் போட்டவன் ஜாஸ்பர். போடி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன் தாத்தா மிளகு வியாபாரி, அப்பா பாத்திரக்கடை, இவன் பான் கார்டும் பட்டா நகலும். ஒருநாள் மின்கட்டணம் கட்டப் போனவளிடம் கேட்டான்.

"ஏங்க்கா, அரசாங்கத்துல எத்தன பேரு தூங்குறாக தெரியுமா?"

"ஆபீசுலயா?"

"அது தனிக் கணக்கு. நான் சொல்றது ஆஸ்டல்ல, ஆஸ்பத்திரியில. அவுகளுக்கெல்லாம் தலகாணி யாரு குடுக்குறா? எவனோ குடுக்குறான். நீங்க குடுத்தா வேணாம்பாகளா?"

"நம்மகிட்ட எல்லாம் வாங்குவாகளா தம்பி? அதுக்கெல்லாம் ஆளு வேணும்ல."

"ஆளு வேணாம்க்கா. பதிவு வேணும்."

முதலில் சிறு தொழில் பதிவு எடுத்தார்கள். அது இருந்தால் டெண்டருக்கு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை என்றான். பிறகு ஜி.எஸ்.டி. எண். ஆனால் முன்பு அரசாங்கத்துக்கு ஏதாவது கொடுத்த அனுபவம் கேட்பார்கள், அதற்கு முதலில் சின்னதாக ஒன்று செய்ய வேண்டும். அவனே சொல்லி, உத்தமபாளையம் பக்கத்து அங்கன்வாடிகளுக்குக் குட்டித் தலையணை கேட்டபோது ஒரு விலை எழுதிக் கொடுத்தாள். கிடைத்தது. சொன்ன நாளில் கொண்டுபோய் இறக்கி, வேலை முடிந்தது என்று சான்று வாங்கினாள். அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பின் முதல் டெண்டர். அதில் ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போய்த் தள்ளுபடியானது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று கேட்டாள். "யாருகிட்டயும் இல்லக்கா. அடுத்த தடவை எல்லாப் பக்கத்துலயும் குத்துவோம்" என்றான்.

டிஜிட்டல் கையெழுத்து வந்த நாளை அவள் மறக்கவில்லை. பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, ரகசிய எண்ணைத் தட்டினால், அவள் கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும். அவளைத் தவிர யாரும் அதைப் போட முடியாது, கலெக்டரே நினைத்தாலும் முடியாது என்றான் ஜாஸ்பர். பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவள் அவள். பெயரை எழுதும்போது ரீயன்னாவில் கை இன்னும் தடுக்கும். அந்தப் பொருளை மடியில் முடிந்துகொண்டு பஜார் வழியாக நடந்தபோது எதிரே வந்தவர்கள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டெண்டர் இணையதளத்தின் மேல் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். ஜாஸ்பர் கடைச் சுவர்க்கடிகாரமோ அவன் செல்போனோ சொல்லும் நேரம் செல்லாது, அந்தக் கடிகாரத்தின் நேரம்தான் செல்லும். அது நின்று பெருமூச்சு விடுவதில்லை. சாப்பிடப் போவதில்லை. பெரிய கம்பெனிக்கும் பஞ்சுமாரிக்கும் ஒரே வேகத்தில் ஓடியது. விடுதி டெண்டருக்குத் தன் விலைப்புள்ளியை ஏற்றிவிட்டு, இதை இப்போது யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். "யாரும் பாக்க முடியாதுக்கா. பூட்டிருச்சு. தொறக்குற நாள்லதான் தொறக்கும்." எவராலும் முன்கூட்டித் திறக்க முடியாத ஒரு பெட்டி இந்த உலகத்தில் இருக்கிறது என்பதை அவள் நம்பவில்லை. பிறகு நம்பினாள். நம்பியதும் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தேனியிலிருந்து திரும்பிய அன்று கருத்தம்மாள் ஷெட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் தையல் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் கெடுத்துப்புட்டேனே மாரி."

"நீ எங்கக்கா கெடுத்த. மாதிரிக்குன்னு பாக்காம மூணு தலகாணிய எடுத்துக் கட்டுனது நானு."

"போயி அந்தம்மா கால்ல விழுந்துட்டு வரவா?"

"அவுக காலு மேசைக்கு அடியில இருக்கு. விழுகத் தோது இல்ல."

கருத்தம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

லேப் மதுரையில் இருந்தது. முத்திரை உடைக்கும்போது டெண்டர்காரர்கள் விரும்பினால் உடனிருக்கலாம் என்று நிபந்தனையில் ஒரு வரி இருப்பதை ஜாஸ்பர்தான் கண்டுபிடித்தான். "யாரும் போறதில்லக்கா. ஆனா போகலாம்னு போட்டிருக்கு." ஒச்சாண்டி கூட வருவதாகச் சொன்னான். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும், "அப்ப நான் வெளிய நின்னு என்ன செய்ய, எடையக் கொறைக்கவா?" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். அவள் தனியாகப் பஸ் ஏறினாள்.

ஈஸ்வரபாண்டி வரவில்லை. குளிரூட்டிய அறையில் ஜெஸ்லின் என்ற பெண் வெள்ளைக் கோட்டுடன் இருந்தாள். கம்பத்துக்காரி. மாரீஸ்வரி கோம்பை என்று சொன்னதும், "கோம்பையா? உங்க ஊரு நாய்தான் எங்கப்பா தோட்டத்துல நிக்குது. எங்களையே உள்ள விடாது" என்றாள். ஆனால் வேலை தொடங்கியதும் அந்தப் பேச்செல்லாம் நின்றுவிட்டது. தலையணையைப் பிரித்து, பஞ்சைச் சின்னச் சின்னக் கற்றையாக எடுத்து, இடுக்கியால் கொட்டைத் துணுக்கையும் தோட்டுத் தூசியையும் தனியே வைத்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசில் அந்தக் குப்பையை வைத்தாள். கூண்டின் கதவை மூடும்வரை எண் நிலைகொள்ளாமல் துடித்தது. "மூச்சு பட்டாக்கூட மாறும்க்கா" என்றாள். மாரீஸ்வரி மூச்சை நிறுத்திக்கொண்டாள். கடைசியாக அரக்கு முத்திரையை உடைத்து மஞ்சளை எடுத்து அந்தக் குப்பையோடு குப்பையாக வைத்தாள். எண் ஏறியது. நிறையவே ஏறியது போலிருந்தது.

"எவ்ளோம்மா?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. ஆபீசுக்குத்தான் போகும்."

சொல்லச் சொல்லி வற்புறுத்த அவளுக்கு ஏனோ வாய் வரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இது இலவம் பஞ்சுதானா, வேற பஞ்சு கலந்திருக்கான்னு பாக்கணும்." ஜெஸ்லின் ஒரு கண்ணாடித் துண்டில் சில இழைகளை வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஏதோ எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "பாக்கறீகளா?" என்று நகர்ந்துகொண்டாள்.

மாரீஸ்வரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் அவளுடைய இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். வெளிச்சத்தின் குறுக்கே கண்ணாடிக் குழாய்கள் கிடந்தன. வழவழப்பான நேரான குழாய்கள். ஒவ்வொன்றும் உள்ளே வெறுமை. சிலவற்றுக்குள் காற்றுக் குமிழிகள் முத்துப்போல வரிசையாக நின்றன. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் ஒரு துளி உள்ளே போகவில்லை.

"இது என்னம்மா?"

"உங்க பஞ்சுதான். உள்ள முழுக்கக் காத்து. அதுனாலதான் கனமே இருக்காது. பருத்தியா இருந்தா முறுக்குன நாடா மாதிரித் தெரியும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. பல வருஷமாக உடைத்து, அடித்து, அமுக்கி, மூக்கிலிருந்து சிந்தி, சோற்றிலிருந்து பொறுக்கிப் போட்ட பஞ்சு. தும்மலைத் தவிர வேறொன்றும் அதைப் பற்றி அவள் நினைத்ததில்லை. அவர்கள் ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் இதுதான். கோம்பை மலையடிவாரத்துக் காற்றை யாரோ கண்ணாடியில் ஊற்றி மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு காய்க்குள் எத்தனை ஆயிரம் இருக்கும்? எதற்காக, யார் பார்க்க?

"கருத்தம்மாக்கா இதைப் பாக்கணும்" என்றாள். ஜெஸ்லினுக்கு யார் என்று தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கணவாய் தாண்டி, வயலும் தென்னையும் வரத் தொடங்கியபோது, டெண்டர் கிடைக்குமா என்ற கவலை திரும்ப வந்தது. போகும்போது இருந்ததைவிட அதிகமாகவே வந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

சில நாள் கழித்து ஜாஸ்பர் கூப்பிட்டான். அவள் கடைக்குப் போனபோது திரையில் அவள் ஷெட்டின் பெயர் இருந்தது. மாரி இலவம் பஞ்சுத் தொழிலகம். நேரே, தகுதி பெற்றது என்று போட்டிருந்தது. லேப் அறிக்கையும் அங்கேயே கிடந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொட்டை, தோடு, தூசி, மஞ்சள் எல்லாம் சேர்ந்து மூன்றைத் தொடாமல் அதன் வாசலில் நின்றிருந்தது. 'மஞ்சள் கிழங்குத் துண்டு, ஒன்று' என்று தனி வரி.

"மஞ்சளப் போட்டிருக்காகளே" என்றாள்.

"இருந்துச்சுல்ல, போட்டிருக்காக."

அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். திரை லேசாகச் சூடாக இருந்தது.

பிறகு விலைப்புள்ளி திறந்தது. மதுரைக் கம்பெனியின் விலைதான் குறைவு. இவளுடையது அதற்கு அடுத்தது. மாரீஸ்வரி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். ஜாஸ்பர் கையைக் காட்டி உட்காரச் சொன்னான். இந்த டெண்டரில் சிறு தொழில்காரர்களுக்கென்று கால் பங்கு ஒதுக்கீடு உண்டு. குறைந்த விலைக்கு அவர்களும் ஒத்துக்கொண்டால் அது அவர்களுக்கு. மாலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கிருபாவதியேதான் பேசினார்.

"அந்த விலைக்குத் தர முடியுமாம்மா? முடியலைன்னா தப்பில்ல. யோசிச்சு நாளைக்குள்ள எழுத்துல குடுங்க."

"மேடம், கால் பங்குன்னா எந்தெந்த ஆஸ்டலுங்க?"

கிருபாவதி வாசித்தார். உத்தமபாளையம், ஓடைப்பட்டி, கோம்பை, கம்பம், பண்ணைப்புரம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பிள்ளைகளின் எண்ணிக்கை. மாரீஸ்வரி விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள். இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டு, மாலையானால் வரிசையாகத் தலை சாய்க்கிறார்கள். அவள் பஸ்ஸில் கடந்துபோகும் கட்டடங்கள்தான். உள்ளே தலைகள் இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை.

ஷெட்டுக்குப் போய்ப் பெண்களை உட்காரவைத்துப் பேசினாள். அந்த விலையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, கூலியும் காய் வாங்குகிற காசும் வரும், ஷெட்டுப் பூட்டாது. அவ்வளவுதான்.

"பூட்டாதுல்ல?" என்றாள் கருத்தம்மாள்.

"பூட்டாது."

"அப்ப என்ன யோசனை. போயி எழுதிக் குடு."

அவள் இருட்டுவதற்குள் ஜாஸ்பர் கடைக்குப் போய் டிஜிட்டல் கையெழுத்தைச் சொருகி ரகசிய எண்ணைத் தட்டினாள். ஒப்புதல் கடிதம் போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. உத்தரவு வருவதற்குள் காயும் துணியும் சேர்த்து வைக்கலாம் என்றான் ஜாஸ்பர்.

மறுநாள் காலையில் போடியில் கரண்டு இல்லை. பெண்கள் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். பதினோரு மணிக்குக் கரண்டு வந்தது. கோம்பையிலிருந்து காய் மூட்டைகளுடன் ஒரு டெம்போ வந்தது. இரண்டு மூட்டை நனைந்திருந்ததால் அவற்றைத் திருப்பி அனுப்பினாள். ஒச்சாண்டி மதியம் வந்து மெஷின் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தான். காடாத் துணிக்குச் சொல்லியிருந்த கடைக்காரர் சாயங்காலம்தான் வரும் என்றார். துணி சாயங்காலம் வந்தது. அகலம் சரியாக இருந்தது. கருத்தம்மாள் வெட்டத் தொடங்கினாள். ஆறு மணிக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.